நேவி என்றால் எங்களுக்கு நிறம்

அந்தப் பெட்டியைத் திறந்ததும் வந்த வாசம், புது மழைக்கோட்டை உதறும்போது மூக்கில் ஏறுமே, அதுபோல இருந்தது; கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மண்ணெண்ணெய். உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள் இருந்தன. முருங்கைக் கிளையில் காய் தொங்குகிற மாதிரி ஒவ்வொரு சட்டத்திலும் சின்னதும் பெரிதுமாக உறுப்புகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சக்கரம், இறக்கை, வால், கண்மூக்கு தெரியாத ஒரு குட்டி விமானி. மூடியில் ஒரு படம். அந்தக் காலத்து உலக யுத்தத்தில் கப்பலிலிருந்து பறந்த சண்டை விமானம் ஒன்று, முழுக்கக் கருநீலம், கருநீலக் கடலுக்கு மேலே சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. கீழே கப்பலின் மேல்தளத்தில் அதே மாதிரி விமானங்கள் இடம் போதாமல் இறக்கைகளை மேல்நோக்கி மடித்துக்கொண்டு நெருக்கியடித்து நின்றன.

இது எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் என் அம்மா, தைத்த துணியில் குறை பார்த்துக் கழிக்கிற செக்கிங் வேலை பார்த்தாள். பையன்கள் போடும் டீசர்ட்டின் நெஞ்சில் இந்தப் படத்தை அச்சடிக்க வேண்டும் என்று துணி வாங்கும் ஒரு வெளிநாட்டு பையர், மாதிரிக்காகப் பெட்டியையே அனுப்பியிருந்தார். ஆனால் அந்த ஆர்டர் ஓடவேயில்லை. சாயக் கழிவுத் தண்ணீர் ஆற்றில் கலந்த வழக்கில் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச்சொல்லி, கரண்டைப் பிடுங்கி, பூட்டி வைத்திருந்த சமயம் அது. துணி இருந்தது, அதற்குச் சாயம் போட இடமில்லை. ஆர்டர் வேறு எந்த நாட்டுக்கோ போய்விட, பெட்டி மட்டும் வேஸ்ட் மூட்டைமேல் கிடந்திருக்கிறது. "எடுத்துட்டுப் போங்கக்கா, பாப்பா வெளையாடட்டும்" என்று சூப்பர்வைசர் கொடுத்துவிட்டார்.

அந்த ஆர்டரைத் தின்ற பூட்டுதான் என் அப்பாவையும் வீட்டில் உட்கார வைத்திருந்தது. அவர் சாயப்பட்டறையில் "விஞ்ச்" ஓட்டியவர். கொதிக்கும் தொட்டியில் துணி சுற்றிச் சுற்றி வர, பக்கத்திலேயே நின்று, ஈரத்துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தே காய்ந்தால் என்ன ஷேடு வரும் என்று சொல்லிவிடுவார். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. ஆனால் சாய டப்பாக்களைப் பார்த்துப் பார்த்து, ஆங்கிலத்தில் நிறங்களின் பெயர்கள் மட்டும் அவருக்குப் படிக்க வரும். மெரூன், ராயல், ஆலிவ், நேவி. வேறு எந்த ஆங்கில வார்த்தையும் அவருக்குக் கோடுகள்தான்.

பெட்டியைக் கையில் வாங்கியதும் அவர் விரல் மூடியின் ஓரத்தில் ஒரு சொல்லில் போய் நின்றது.

"நேவி!" என்றார், தெரிந்த ஆளைச் சந்தையில் பார்த்த மாதிரி. "மேலயே ஷேடு எழுதியிருக்கறான் பாரு கண்ணு."

நான் அப்போது எட்டாம் வகுப்பு. எனக்கும் அது நிறத்தின் பெயர் என்றுதான் தெரியும். எங்கள் ஊரில் நேவி பேண்ட், நேவி ரிப், நேவி நூல் என்று பிறந்ததிலிருந்து கேட்டது. கடற்படைக்கு அந்தப் பெயர் என்பது எனக்கு வெகுகாலம் கழித்து, தொலைக்காட்சிச் செய்தியில்தான் உறைத்தது. படத்திலும் விமானம் நேவியாகவே இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் சின்ன வயதிலிருந்தே கவலைக்காரி. குக்கர் விசில் அடிக்கத் தாமதித்தால் வெடித்துவிடுமோ என்று வாசலுக்கு ஓடுகிறவள். அந்த மாதங்களில் என் கவலைக்கு நல்ல தீனி கிடைத்தது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "பரிட்சை முடிஞ்சதும் இவளையும் கூட்டிட்டுப் போறனுங்க. கைமடிக்கு ஆள் கேக்கறாங்க." கைமடி என்றால் டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கிற வேலை, எங்கள் காம்பவுண்டில் பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் எல்லாரும் முதலில் போய் நின்ற இடம்.

"அதெல்லாம் வேண்டாம். இன்னைக்கோ நாளைக்கோ டையிங் தெறந்துருவாங்க. அவ படிக்கட்டும்" என்றார் அப்பா. சாயப்பட்டறையை எங்கள் ஊரில் டையிங் என்றுதான் சொல்வோம்.

"நீங்களும் தெனமும் இதையேதான் சொல்றீங்க."

அப்பா விமானப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "வா கண்ணு, இத ஒட்டலாம். இது முடியறதுக்குள்ள தெறந்துருவாங்க பாரு" என்றார்.

அவர் அதை வாய்க்கு வந்தபடி சொல்லியிருப்பார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விமானம் முடிவதற்குள் டையிங் திறக்கும். டையிங் திறந்தால் அப்பா வேலைக்குப் போவார். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போவேன். இதைத் தவிர அந்த நாட்களில் என் தலையில் வேறு எதுவும் இல்லை. அதிலும் ஒரு கவலை வந்து சேர்ந்தது. திறப்பதற்கு முன்பே விமானம் முடிந்துவிட்டால்?

அதனால் நான் வேலையை இழுத்தேன். துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் "பிசிறு" வெட்டும் அம்மாவின் கத்தரியால் ஒவ்வொரு உறுப்பாகச் சட்டத்திலிருந்து நறுக்கி, ஓரத்தைத் தேய்த்து, தடவிப் பார்த்து, மறுபடியும் தேய்த்தேன். ஒட்டியதைக் காயட்டும் என்று ஒருநாள் முழுக்கத் தொடவிடமாட்டேன். அப்பாவுக்கோ கை ஓய்ந்திருக்க முடியவில்லை. பெட்டியிலிருந்த பசை கல்லாகிப் போயிருந்ததால், பெட்டிக்கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையை வாங்கி வந்தார். விமானத்தைவிட அவர் விரல்கள்தான் அதிகம் ஒட்டிக்கொண்டன. அம்மாவும் ஒருநாள் எங்களுக்கு உதவினாள். செக்கிங் கண்ணல்லவா, விமானியின் இருக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குச்சியைப் பார்த்ததும் பொறுக்காமல் நறுக்கென்று வெட்டிவிட்டு, "இத்தன பிசிற வுட்டா எந்தக் கம்பெனில பாஸ் பண்ணுவான்?" என்றாள். அந்தக் குச்சிதான் இருக்கை நிற்க வேண்டிய கால். அதற்குப் பிறகு விமானி எப்படி வைத்தாலும் தூங்கி விழுந்தார். அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்தது அந்த வீட்டில் எனக்கு ஞாபகம் இருக்கிற கடைசி முறை என்பதால் இதைச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு ஜெபமணி மாமாவும் அப்பாவோடு அதே பட்டறையில் வேலை பார்த்தவர்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். வாயைத் திறந்தால் கேலி. சூரத்தில் சாயவேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்தான் செய்தி கொண்டுவந்தார். பட்டறையிலிருந்து ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கிழம வண்டி. வாரியளா, இல்லியா? ஒரு வார்த்த சொல்லுங்க."

"இன்னும் கலர் போடலீங்க தம்பி" என்றார் அப்பா, விமானத்தைத் தூக்கிக் காட்டி.

"நல்லாருக்கு. இதுல ஏறியா சூரத்துக்குப் போவப்போறோம்? ரயிலுதான் அண்ணாச்சி."

அப்பா சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில் பரண்மேலிருந்த தகர டப்பாவை இறக்கினார். பட்டறையில் சாம்பிள் போட்டு மிஞ்சிய சாயப்பொடிகளைக் குட்டிக் குட்டிப் பொட்டலமாக அதில் வைத்திருந்தார். அவருக்கு முகம் தெளிந்திருந்தது. குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் அலுமினியப் பானையைப் பொதுக்குழாய் பக்கத்தில் அடுப்பு மூட்டி ஏற்றினார்.

பெயிண்ட் அடிக்கலாம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பது இன்றைக்கு நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. நிறம் வேண்டுமென்றால் கொதிக்க வைக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"பிளாஸ்டிக்குன்னா என்ன கண்ணு? பாலியெஸ்டரோட பங்காளி. காட்டன் சாயம் இதுல ஏறாது. பாலியெஸ்டர் சாயந்தான் புடிக்கும். ஆனா அதுக்கு வெறுஞ்சூடு பத்தாது, நல்லாக் கொதிக்கோணும்" என்று விளக்கினார். ஆசிட்டுக்குப் பதிலாக எலுமிச்சம்பழம் பிழிந்தார்.

"என்ன அண்ணாச்சி, ரசம் வைக்கியளா?" என்றார் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஜெபமணி மாமா.

"நேவி ரசமுங்க. சாப்புட்டுட்டுப் போங்க."

விமானத்தின் வயிற்றில் நூலைக் கட்டி, தண்ணீருக்குள் இறக்கி, பட்டறையில் துணி சுற்றுகிற மாதிரியே மெதுவாகச் சுற்றினார். இது முடியப்போகிறது, பட்டறை திறந்தபாடில்லை. இன்னும் கொஞ்சநாள் கழித்துச் சாயம் போடலாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர், அன்றைக்குத்தான் மறுபடியும் ஒரு தொட்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முதலில் தூக்கி வெயிலில் காட்டினார். வெளிறிய நீலம். "புடிக்குது கண்ணு, புடிக்குது! இன்னும் ரெண்டு கொதி வந்தாச் சரியாயிரும்" என்று மறுபடியும் உள்ளே விட்டார். தண்ணீர் பானையின் விளிம்புவரை பொங்கிப் பொங்கித் தணிந்தது. பிறகு நூலைப் பிடித்து மேலே தூக்கினார்.

"உக்காந்துருச்சு! ஷேடு உக்காந்துருச்சு பாரு!"

உண்மைதான். மூடியில் இருந்த அதே நிறம், ஒரு மாற்றுக் குறையாமல். அப்பாவின் கண் நிறத்தை மட்டும்தான் பார்த்தது. நான் இறக்கைகளைப் பார்த்தேன். இரண்டும், கொடியில் காயப்போட்ட ஈரப் பனியன் கை மாதிரி, கீழே தொங்கிக்கொண்டிருந்தன. வால் ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. முன்னால் இருந்த விசிறி வாடிய பூவாகிவிட்டது.

அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீழே பார்த்தார். அவசரமாகச் சூட்டோடு பிடித்து நிமிர்த்தப் பார்த்தார். ஒரு இறக்கை ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுபட்டு மெலிந்தது. குழாய்த் தண்ணீரில் காட்டினார். இருந்த கோலத்திலேயே இறுகிவிட்டது.

ஜெபமணி மாமா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "அதனால என்ன அண்ணாச்சி? கப்பல்ல நிறுத்துறப்ப மடக்கித்தான வச்சிருக்கான். படத்தப் பாருங்க."

படத்தில் இறக்கைகள் மேல்நோக்கி மடிந்திருந்தன. அதை மூன்று பேரும் பார்த்தோம்.

அப்பா அடுப்பை அணைத்தார். பானையிலிருந்த சாயத்தைச் சாக்கடைப் பக்கம் கொண்டுபோனவர், என்ன நினைத்தாரோ, அங்கே ஊற்றாமல் திரும்பிக் கொண்டுவந்து மூடிவைத்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"தம்பி, எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுருங்க."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போனார்கள். பரீட்சை முடிந்தது, நான் அம்மாவோடு கம்பெனிக்குப் போனேன். டெய்லர் அக்கா, "நீட்டிப் புடி பாப்பா, பயப்படாத, துணி கடிக்காது" என்றார்கள். துணிக்கு நான் பயப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயப்பட்டேன்.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். நான் அதற்குப் பிறகும் காத்திருந்தேன். விமானம் கெட்டுப்போனதால் அது "முடிந்தது" என்ற கணக்கில் வராது, ஆகவே டையிங் திறக்க இன்னும் வழியிருக்கிறது என்று எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒருநாள் திறக்கவும் செய்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் கட்டி, ஒவ்வொரு பட்டறையாக. எங்கள் பட்டறைச் சங்கில் மறுபடியும் சத்தம் கேட்டபோது, கம்பெனி வாசலில் நின்று அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அப்பா, தெறந்துட்டாங்கப்பா!"

பின்னால் மிஷின் இரைச்சல். "எது கண்ணு?"

"டையிங்குப்பா. நம்ம டையிங்."

"அப்படியா... சரி, சரி. இங்க ஒரு லாட்டுத் துணி ஓடிட்டிருக்குது. அப்பறம் கூப்படறன்."

அவர் வரவில்லை. அங்கே நின்ற இடம் உறுதியாகிவிட்டது, இங்கே வந்து புதிதாக யாரிடம் போய் நிற்பது என்று ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே நாங்கள் எடுக்கவில்லை.

நான் இப்போது துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் டெய்லர். என் மேசைக்குப் பக்கத்தில் கைமடிக்கு நிற்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். அவள் அப்பா ஊரில் இருக்கிறார், அவள் இங்கே. நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து குடோன் கட்டிவிட்டார்கள். வீட்டைக் காலி செய்யும்போது விமானம் எந்தச் சாக்கில் போனதோ தெரியாது. ஜெபமணி மாமா சூரத்திலிருந்து அப்படியே தன் ஊருக்குப் போய்விட்டார் என்று கேள்வி. அம்மாவுக்குக் கண் மங்கி, செக்கிங்கை விட்டாள்.

அப்பா தீபாவளிக்கு வருவார். போன தீபாவளிக்கும் வந்தார். நன்றாக இளைத்திருந்தார், மூச்சு விடும்போது நெஞ்சில் சத்தம் வருகிறது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. குளித்துவிட்டு வந்தவர், ஈரத்துண்டைக் கொடியில் போடாமல், பிழிந்து, மடித்து, தன் பைமேல் வைத்தார். அம்மா எழுந்து, "குடுங்க, நான் காயப்போடறன்" என்று கையை நீட்டினாள்.

"இருக்கட்டுமுங்க" என்றார் அப்பா.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அம்மாவை "ங்க" போட்டுப் பேசியதில்லை. அம்மாதான் அவரிடம் போடுவாள்; எங்கள் பக்கத்தில் ஆம்பளைகளுக்கு அது வெளியாட்களுக்குக் கொடுக்கிற மரியாதை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மா நீட்டிய கையை உடனே மடக்கவில்லை.