கஜா பாவா மாட்டிய பேட்டரி

செவ்வாய்க்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "பாவா பூட்டாருடி" என்றாள். கடை ஷட்டரை யாரோ இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாரடைப்பு. கடையிலேயே.

பாவா என் அக்காவின் கணவர், கஜேந்திரன். திருத்தணி பைபாஸில் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். பதினாறாம் நாள் படிப்பதற்கு ஏதாவது எழுது, நீதானே படித்தவள் என்றார்கள். எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம். பாவா பேட்டரியை எடுத்த எடுப்பில் விற்கமாட்டார். வண்டியை விசாரிப்பார். என்ன எஞ்சின், தினமும் ஓடுகிறதா, நின்றே கிடக்கிறதா. ஒருமுறை பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் புல்லட்டில் வந்தார். முன்னால் நான்கு ஃபோகஸ் லைட். லாரி ஹாரன் வேறு.

"பெரிய பேட்டரியா குடுங்கண்ணா."

"பெருசு வெச்சா யாருப்பா ரொப்புறது? உன் வண்டி குடுக்கிற சார்ஜு அவ்ளோதான். லைட்ட கழட்டு."

"கல்யாண வண்டிண்ணா."

"அப்ப பொண்ணு வூட்டுக்குத் தள்ளிகினு போ."

கடையே சிரித்தது. வந்தவர் இரண்டு லைட்டைக் கழற்றினார்.

ஆசிட் ஊற்றிய புது பேட்டரியை பாவா அன்றைக்கே கொடுக்கமாட்டார். முதல் சார்ஜ் குறைந்த கரண்டில், மெதுவாக, முழுதாக ஏற வேண்டும். மலையில் வண்டிக்கு பூஜை போட நல்ல நேரம் போகிறது என்று கெஞ்சுவார்கள். "முருகன் எங்கயும் போவமாட்டாரு. நாளைக்கு வா" என்பார். முதல் சார்ஜில் அவசரப்பட்டால் அந்த பேட்டரி ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டும் என்பார்.

நான் பைக் பந்தயத்துக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் என் பக்கம் நின்றவர் அவர் ஒருவர்தான். அம்மா அழுதாள். "ஓட்டட்டும் அத்த. கை நல்லாக்குது" என்றார். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

சென்னை அணி ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. அணியின் பேட்டரிகளை பாவாவே பார்த்துக்கொண்டார். என் வண்டிக்கு லித்தியம் பேட்டரியைத் தேர்ந்தெடுத்தார். எடை குறைவு, ஸ்டார்ட் செய்யும்போது வேகம் அதிகம். ஆனால் அதற்குத் தனி சார்ஜர் வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் பழைய பேட்டரிகளைத் தேற்றுகிற சார்ஜர் ஒன்று கடையில் உண்டு. அது அடிக்கிற வோல்டேஜை லித்தியம் தாங்காது. அதில் லித்தியத்தை மாட்டவே கூடாது என்று எங்களிடம் சொன்னவர் அவர்தான்.

ஆடிக்கிருத்திகை வந்தது. காவடிக்காரர்களின் வண்டிகள் ஆந்திராவிலிருந்து வரிசையாக வந்து கடைமுன் நின்றன. லித்தியம் சார்ஜரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அங்கே தண்ணீர்ப் பந்தலின் மைக்கைச் செருகியிருந்தார்கள். பாவா என் பேட்டரியை அந்தப் பழைய பேட்டரி சார்ஜரில் மாட்டினார். அந்த ஞாயிறு பந்தயம். அவரே பேட்டரியைக் கொண்டுவந்தார். அவரே வண்டியில் பொருத்தினார். நான் தொடக்கூட இல்லை.

தொடக்கக் கோட்டில் எஞ்சின் அணைந்தது. ஸ்டார்ட்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. மற்ற வண்டிகள் போய்விட்டன. சீட்டைக் கழற்றினோம். பேட்டரி உப்பியிருந்தது.

"யாரு இத சார்ஜ் பண்ணது?" என்றார் அணி நிர்வாகி சதீஷ் சார்.

பாவா என் முகத்தைப் பார்க்கவில்லை. "வூட்டுக்கு எடுத்துகினு போயி ஏதோ பண்ணிருக்கும் சார். சின்னப் பொண்ணு."

நான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அடுத்த வார்த்தையில் திருத்திவிடுவார் என்று காத்திருந்தேன்.

திரும்பும் வழியில் கனகம்மாசத்திரத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். "கூட்டத்துல பழைய சார்ஜர்ல மாட்டிட்டம்மா. வெளிய தெரிஞ்சா கட பேரு பூடும். உங்கக்கா இருக்கா, கொழந்தைங்க இருக்குது. சாருக்கு நானே தனியா போன் பண்ணி உண்மைய சொல்லிடறேன்."

அடுத்த வாரம் கேட்டேன். "ஆங், சொல்லிட்டம்மா" என்றார்.

அணியிலிருந்து அழைப்பு வரவில்லை. என் இடத்தில் வேறொருவர் ஓட்டினார். நான் சதீஷ் சாரை வெறுத்தேன். உண்மை தெரிந்தும் கூப்பிடாத மனிதர். பாவாவை மன்னித்திருந்தேன். பண்டிகைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாவுக்கு சதீஷ் சார் மாலையோடு வந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"உம்மேல அவருக்கு எவ்ளோ பாசம் தெரியுமாம்மா? அன்னிக்கு போன்ல அழுதாரு. 'பொண்ணு தெரியாம பண்ணிடுச்சி சார், மன்னிச்சிடுங்க. அவகிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க, அவமானத்துல ஏதாவது பண்ணிக்கும்'னாரு. அதான் நான் உங்கிட்ட பேசவே இல்ல."

கண்ணாடிப் பெட்டிக்குள் பாவா. கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை.

போன் செய்திருக்கிறார். அழுதும் இருக்கிறார். அந்த அழுகை பொய்யாக இருந்திருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று இதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அவரு செத்துட்டாருடி" என்றாள்.

"நான் இருக்கேனேக்கா."

வெகுநேரம் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "படி. நான் உள்ள இருந்துகினு கேக்கறேன்" என்றாள்.

இறுதி ஊர்வலத்தில் பைக் ஓட்டுபவர்கள் முன்னால் போனார்கள். அவர் பொருத்திக் கொடுத்த பேட்டரிகளில் வண்டிகளை முறுக்கி, உறுமவிட்டு மரியாதை செய்தார்கள். தெருவே அதிர்ந்தது. நான் என் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. சுடுகாடுவரை தள்ளிக்கொண்டே போனேன்.

சதீஷ் சார், அந்த பேட்டரியை நான் சார்ஜ் செய்யவில்லை.

பாவா, இதை உங்கள் குரலில் அவர் கேட்டிருக்க வேண்டும். போய் வாருங்கள்.