கீரிக்காக அடைத்த பொட்டு

பட்டப்பகலில் கோழிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கீரி வேலிப் பொட்டால்தான் வருகிறது என்று பலத்த ஆராய்ச்சிக்குப் பின் முடிவுகட்டி, பக்கத்து வீட்டு மலர் அக்கா வந்துபோகும் அந்த இடைவெளியைப் பனங்கருக்குமட்டையால் அடைத்தேன்.

மறுநாள் அடைக்கோழியின் அலறல் கேட்டு ஓடினேன். அதை இழுத்துக்கொண்டு கீரி எங்கள் விறகுக் குவியலுக்குள் நுழைந்தது. அதன் குடியிருப்பே அங்கேதான்.

"கீரியை உள்ளுக்கு வைச்சல்லோ வேலி அடைச்சிருக்கிறியள்!" என்றாள் மனைவி.

அது அடைகாத்த முட்டைகள் சூடு ஆறுமுன் வேறு அடைக்கோழி வேண்டும். வேலியருகே நின்று கூப்பிட்டேன்.

"மலரக்கா, உங்கடை கோழி அடையிலைதானே? இந்த முட்டையளையும் வைப்பமோ?"

"ஓம் தம்பி, கொண்டு வாரும். தெருவாலை சுத்தி வாரும். பொட்டை ஆரோ அடைச்சுப்போட்டினம்."

முட்டைகளைக் கடகப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓடினேன். சில நாளில் குஞ்சுகள் பொரித்தன.

இப்போது கோழி குறைந்தால் முதலில் என் வீட்டு வளவைத்தான் கிளறுகிறேன். பொட்டையும் திறந்துவிட்டேன். அக்கா இன்னும் தெருவால்தான் வருகிறார்.