அண்ணன் முகர்ந்து பார்க்கும் தண்ணீர் கேன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நேரத்தில், வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியாகிய என் வணக்கம். ஏழாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். எழுதுவது கஷ்டம்தான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுப்பது அது இல்லை. தெவசம் முடிந்த மறுநாள் அண்ணனின் காரில் அண்ணியையும் பிள்ளைகளையும் ராமேஸ்வரம் அழைத்துப் போக வேண்டும். பக்கத்திலிருக்கும் வாலாஜாபாத்தைத் தாண்டி நான் தனியாக ஓட்டியதில்லை. வேன் பேசிவிடலாம் என்றேன்.

"அவரு வண்டி வாசல்ல இருக்குது. வாடகை வண்டியில போயா அவருக்குக் காரியம் பண்றது?" என்று அண்ணி முடித்துவிட்டார்.

அண்ணன் மாகறலில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். வளர்ந்தது நெசவாளர்கள் நிறைந்த இந்தப் பிள்ளையார்பாளையம். அப்பா போனபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. தறி, அம்மா, தங்கையின் கல்யாணம், நான், எல்லாம் அவர் தலையில். திட்டியதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நிறையத் திட்டுவார். ஆனால் எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் படுக்க மாட்டார்.

தொண்ணூறுகளில் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார்; இன்றும் வாசலில் நிற்பது அதுதான். அதற்கப்புறம் மே மாதம் வந்தால் ஒரு பயணம்; எங்கள் ஊர்க் கோயில் வைகாசி கருட சேவைக்கு விருந்தாளிகள் வந்து இறங்குவதற்குள் திரும்பிவிட வேண்டும். புறப்படுவதற்குப் பல நாள் முன்பே அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். ஆயில் மாற்றுவார், ரேடியேட்டர் குழாயை அமுக்கி அமுக்கி வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார், ஃபேன் பெல்ட் ஒன்று உபரியாக வாங்கி வைப்பார். வெயிலில் எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்ப் சூடேறி வண்டி நின்றுவிடும் என்று அதன்மேல் நனைத்துச் சுற்றத் துணி கிழித்து வைப்பார். நான் பக்கத்தில் நின்று பயப்படுவேன்.

"டயர் வெடிச்சா இன்னாண்ணா பண்றது? பிரேக் புடிக்கலன்னா?"

"நீ பயந்துக்கினே இருடா. நீ பயப்படறத ஒன்னொன்னா பார்த்துட்டா போதும், வண்டி எங்கயும் நிக்காது" என்பார்.

ஒரு வருடம் ஏற்காடு. அம்மா அதுவரை மலை ஏறியதில்லை. செங்கம் தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அண்ணன் ஆறவிட்டு, டிக்கியிலிருந்த தண்ணீர்க் கேனை எடுத்து ஊற்றினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆவி. அதோடு சோறு வடிக்கிற வாசனை.

"யார்ரா இங்க உலை வச்சிருக்கறது?" என்றார் பின்னால் இருந்த அம்மா.

வேறொன்றுமில்லை. தறிக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டி, விறைப்பேறக் கஞ்சி போடுவதற்காக அரிசிக் கஞ்சியை நீர்க்கக் கரைத்து அதே மாதிரி வெள்ளைக் கேனில் வைத்திருந்தோம். விடியற்காலை அவசரத்தில் அண்ணன் அதைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டார்.

"பாவுக்குப் போடற கஞ்சிய வண்டிக்குப் போட்டுட்டீங்களே! இனிமே நல்லா வெறைப்பா ஓடும்" என்று அண்ணி தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிவிடலாம் என்று கெஞ்சினேன்.

"அம்மா மலைய பாக்கணும்டா." அண்ணன் அவ்வளவுதான் சொன்னார்.

பக்கத்து வயல் பம்புசெட்டிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். மேலே ஊற்றுவதும் கீழே திறந்து வடிப்பதுமாக, வெளுத்து வந்த தண்ணீர் தெளியும்வரை அண்ணன் விடவில்லை. ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். பொழுது சாயும் நேரம் அம்மா ஏற்காட்டில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, மலையைப் பார்த்தபடியே நின்றார்.

அன்றிலிருந்து கேனைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் அண்ணன் சாவியைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டில் தண்ணீர் கொடுத்தால்கூட, "மோந்து பார்த்துட்டு குடி மாமா" என்று தங்கை பிள்ளைகள் கேலி செய்வார்கள்.

கடைசி நாட்களில் அவருக்குத் தொண்டையில் கஞ்சி தவிர எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டுபோவேன். அவருக்குப் பேசக் களைப்பு. எனக்கு அவரைப் பார்க்கத் தாங்காது. ஒரு நாள் தம்ளரை மூக்கருகில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னாண்ணா, புளிச்சிடுச்சா?" என்று பதறினேன்.

"இல்லடா. எனக்கா, வண்டிக்கான்னு பார்த்தேன்."

அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் கண்விழித்த தங்கை வீட்டார், அடுப்பெரியாத எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பக்கத்து வீட்டார், தோள் கொடுத்த தெருக்காரர்கள், இன்றும் அண்ணியை வந்து பார்த்துப் போகும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஆயில் மாற்றியாயிற்று. குழாய், பெல்ட், பிரேக் பார்த்தாயிற்று. பயந்ததையெல்லாம் பார்த்துவிட்டேன், பயம்தான் போகவில்லை. புறப்பட இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் கேனையும் நிரப்பி டிக்கியில் வைத்துவிட்டேன். அண்ணி வந்து பார்த்தார்.

"மோந்து பாத்தியா தம்பி?"

மூடியைத் திறந்து முகர்ந்தேன். வெறும் தண்ணீர்தான்.