பாலத்தில் இறங்காத டெஸ்மண்ட்

மலேசியாவின் உலு திராமிலிருந்து சிங்கப்பூருக்கு வேலையாட்களை வேனில் ஏற்றிப்போகும் டெஸ்மண்டுக்கு ஒரே ஒரு பெருமை. பத்தொன்பது வருஷமாக எல்லைப் பாலத்து நெரிசலில் ஒருநாள்கூட அவர் ஒன்றுக்குப் போக இறங்கியதில்லை. அவர் வேனில் ஒரு சட்டம் உண்டு: வழியில் இறங்கியவர் மறுநாள் வேன் முழுவதற்கும் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கித் தரவேண்டும். வேனில் வரும் மனோகரன் மட்டும் நான்கு முறை வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் டெஸ்மண்ட் இரண்டு கூடுதலாகக் கேட்டு வாங்கித் தின்றார்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. மனிதர் விடிந்ததிலிருந்து தண்ணீரையே தொடமாட்டார். அதற்கு வீரம் என்று பெயர் வேறு வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். சிங்கப்பூரில் மச்சினி வீட்டு ஞானஸ்நான விருந்து. தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தவர், பீரை மட்டும் மூன்று கிளாஸ் உள்ளே தள்ளினார். திரும்பும்போது மனைவி டொரத்தி காரை ஓட்டினாள். நடுப்பாலத்தில் நெரிசலில் கார் நின்றது. டெஸ்மண்டின் முகம் கோணியது.

"சொட்டுத் தண்ணி குடிக்கலையே, எங்கருந்து வருது?"

பின்சீட்டில் இருந்த மகள் அபிகெயில் டயாலிசிஸ் நர்ஸ். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்பா, கிட்னியில தண்ணிக்குன்னே குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. நீங்க குடிக்காத நாள்ல மூளை ஒரு ஹார்மோன அனுப்பும். கதவெல்லாம் குழாய்ச் சுவர்ல வந்து நிக்கும், தண்ணி ரத்தத்துக்கே திரும்பிப் போயிரும். இத்தன வருஷம் உங்க மானத்தக் காப்பாத்துனது அதுதான். பீரு அந்த ஹார்மோன அடக்கிருச்சு. கதவெல்லாம் உள்ள போயிருச்சு."

"மறுபடி வரச் சொல்லு லா!"

"அலமாக், தண்ணிதான் மூத்திரப்பைக்கு எறங்கிருச்சேப்பா. இனிமே வந்து என்ன?"

டொரத்தி ஒரு காலி பாட்டிலை நீட்டினாள். அவர் முறைத்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நடை சீக்கிரமே ஓட்டமானது.

பாலத்தின் மலேசியக் கரையில், ஜொகூர் சோதனைச்சாவடிக் கழிப்பறையில் நீண்ட வரிசை. அரைநாள் வேலை முடித்து நடந்தே வந்த மனோகரன் முதல் ஆளாக நின்றிருந்தான். பின்னிக்கொண்ட டெஸ்மண்டின் கால்களைப் பார்த்தான். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் அவசரப்படவில்லை.

"எறங்கிட்டீங்களாண்ணே?"

"சும்மா... கால் நீட்டலாம்னு..."

"அப்ப நான் உள்ள போறேன்."

"டேய், எறங்கிட்டேன்டா! வழிய விடு!"

திங்கட்கிழமை காலை வேன் முழுக்க ரொட்டி மணத்தது. மனோகரன் இரண்டு கூடுதலாகக் கேட்டான். டெஸ்மண்ட் கொடுத்துவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, எல்லார் கண்முன்னாலும் மடமடவென்று குடித்தார்.