பஷ்தோவும் போலிஷும் பேசிய வீடு

இத்தாலியின் பலெர்மோவில் வெள்ளைத்தோல் இல்லாத எல்லோரும் ஒரே ஊர்க்காரர். ஆசுபத்திரித் தாதிக்கும் அந்த எண்ணம்தான். கட்டிலில் கிடந்த மனிதர் தன் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருக்க, அவள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"நீயும் அந்தப் பக்கத்து ஆள்தானே? இவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்டுச் சொல்லு."

அவர் ஆப்கானிஸ்தான்காரர். பேசியது பஷ்தோ. நான் யாழ்ப்பாணத்தாள். எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் இந்தியா என்று ஒரு நாடே கிடக்கிறது என்று அவளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. எரிச்சல்தான் வந்தது. ஆனால் கட்டிலின் மறுபக்கத்தில் இருந்த அவருடைய மனைவியும் என்னைத்தான் பார்த்தாள். அவள் போலந்துக்காரி. எனக்குப் பஷ்தோ தெரியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பார்த்தாள்.

"ஒரு சொல்லாவது பிடிபடுதோ?" என்று கேட்டாள்.

இந்தப் பேச்செல்லாம் உடைந்த இத்தாலியனில் நடந்தது. என் நினைவில் அது எங்களுடைய தமிழாகத்தான் தங்கியிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டில் நானும் என் கணவரும் ஓர் அறையிலும் அவர்கள் இருவரும் அடுத்த அறையிலும் இருந்தோம். சமைக்கக் குசினி ஒன்றுதான். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் அந்த ஆப்கானியர் தோட்டம் பார்த்தார், அவள் அந்த வீட்டு முதிய எசமானி சிஞ்ஞோராவைப் பார்த்தாள். அங்கே பழகிக் கலியாணம் செய்தவர்கள். காதலும் கலியாணமும் இத்தாலியனில்தான். சண்டை மட்டும் இத்தாலியனில் தொடங்கி, கோபம் முற்றியதும் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து அவரவர் மொழிக்குப் போய்விடும். ஒருவர் சொல்வது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால்தானோ என்னவோ சண்டை சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக் கேட்டுத்தான் நான் இரண்டு மொழியையும் ஒப்பிடத் தொடங்கினேன். இரண்டிலும் பல்லிடுக்கால் காற்று சீறும். த்ஸ, த்ஸ என்று ஓர் ஒலி இரண்டுக்கும் பொது. அதைச் சொல்ல என் நாக்கு மறுத்துவிட்டது, தமிழில் எழுதவும் எழுத்தில்லை. ஆனால் பஷ்தோவில் ட இருந்தது, ண இருந்தது. அவர் ரொட்டியை 'டோடை' என்பார். முதன்முதலில் அதைக் கேட்டபோது, அந்நிய ஊரில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல எனக்குச் சந்தோஷம். போலிஷில் அந்த ட கிடையாது. அவள் எவ்வளவு முயன்றும் அவளுடைய 'டோடை' மேல்வரிசைப் பல்லிலேயே நின்றுவிடும்.

"உவை ரெண்டு பேருக்கும் இத்தாலியனே ஒழுங்கா வராது. நீ உதுக்குள்ளை மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறாய்" என்று என் கணவர் சிரிப்பார்.

அவர் சிரித்தாலும் முடிச்சு இருக்கத்தான் செய்தது. இரண்டு என்பதற்கு இரண்டு மொழியிலும் 'த்வா'. ஐந்து போலிஷில் 'பியெஞ்ச்', பஷ்தோவில் 'பின்த்ஸ'. எங்கள் பஞ்சமியும் அதே பக்கத்துச் சரக்குத்தான், வடமொழியிலிருந்து வந்தது. இரண்டு மொழியும் ஆதியில் ஒரே குடும்பம் என்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள். அவருக்கு அது பெரிய விஷயமில்லை. அவளுக்கோ அது உயிர். வெங்காயம் உரித்துக்கொண்டே, "உதுக்கு உங்கடையிலை என்ன?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டேயிருப்பாள். தண்ணீர் அவளுக்கு 'வோடா', அவருக்கு 'ஓப'. அதற்குள்ளும் ஓர் ஒற்றுமையைத் தேடுவாள். கலியாணத்தை எதிர்த்த தன் வீட்டாருக்குச் சொல்ல ஒரு நியாயம் தேடினாள் என்று நினைக்கிறேன்.

வினைச்சொல்லில் இரண்டும் எதிரும் புதிருமாக நின்றன. போலிஷில் 'சாப்பிட்டேன்' என்று சொன்னாலே சொன்னது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். பஷ்தோவில் சாப்பிட்டவரை விட்டுவிட்டு வினை ரொட்டியின் பின்னால் போகும். ரொட்டி பெண் என்றால் வினையும் பெண். எங்களுடைய 'சாப்பிட்டேன்' இரண்டு வம்புக்கும் போகாது என்று நான் பெருமையடிக்க, அவர் தலையை ஆட்டிச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது குறைவு.

பிறகு ஒரு மாரியில் அவர் மரக்கிளை வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தார். தலைக்குள் இரத்தம் கட்டிவிட்டது. ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது அவரிடம் இத்தாலியன் இல்லை. ஒரு சொல்கூட இல்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், ஆளே நெடுநாள் இருக்கமாட்டார் என்று வைத்தியர் சொன்னார். அவரோ ஓயாமல் மெல்லிய குரலில் பஷ்தோவில் பேசிக்கொண்டேயிருந்தார். ஊமை கண்ட கனவு என்பார்கள். இங்கே வாயிருந்தவர் கண்ட கனவும் அப்படித்தான் ஆனது.

"கடைசியா என்ன சொல்லுறார் எண்டு தெரியாமல் அவரைப் போகவிட என்னாலை ஏலாது" என்றாள் அவள்.

குசினியில் சேர்த்த சொற்களை வைத்துக்கொண்டு இருவரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'ஓப' பிடிபட்டது, தண்ணீர் கொடுத்தோம். எங்களிடம் இருந்ததெல்லாம் உப்பும் ரொட்டியும் எண்களும். சாகக் கிடக்கிற மனிதருக்கு அதற்கு மேல் சொல்ல இருக்காதா? அத்தனை நாள் ஒப்பிட்டதெல்லாம் விளையாட்டு என்று அன்றைக்கு விளங்கியது. எனக்கு என் மீதே வெறுப்பாக இருந்தது.

பல்லரோவில் விசாரித்து விசாரித்து பஷ்தோ தெரிந்த ஒருவரைப் பிடித்தேன். பெஷாவர்க்காரர், இடுப்புப் பட்டியும் குடையும் விற்பவர். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கடையைச் சுருட்டிக்கொண்டு என்னோடு வந்தார். அவளுக்கு வணக்கம் சொன்னாரே தவிர நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிலருகே குனிந்து பஷ்தோவில் ஏதோ சொன்னார். நோயாளியின் முகம் மலர்ந்தது. இருவரும் நீண்ட நேரம் கதைத்தார்கள்.

"என்னவாம்? என்ன சொல்லுறார்?" என்று அவள் கேட்டபடி இருந்தாள்.

வியாபாரி என்னை வெளியே கூப்பிட்டார். "சகோதரி, அவர் தன்ரை ஊரிலை நிக்கிறார். மாதுளையைப் பற்றிக் கதைக்கிறார். தாய் எங்கை எண்டு கேக்கிறார். பிறகு, இந்த அந்நியப் பொம்பிளை ஆர், ஏன் இஞ்சை இருக்கிறா எண்டும் கேக்கிறார்."

இத்தாலியன் போனபோது அந்த மொழியில் வாழ்ந்த வருடங்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் ஆட்கள் செத்தவீட்டுச் செய்தியைக்கூட நேரே சொல்லமாட்டார்கள். ஆள் முடிந்த பிறகும் 'கடுமையாம், வெளிக்கிட்டு வாங்கோ' என்றுதான் ஆள் அனுப்புவார்கள். நானும் அந்த வளர்ப்புத்தானே. "அவளிட்டை, உன்னைத்தான் கூப்பிடுறார் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"சாகப்போற மனிசன் சொல்லாததை நான் சொல்லமாட்டன்" என்றார் அவர்.

நாங்கள் திரும்பியபோது அவள் கதவடியில் நின்றாள். எவ்வளவு கேட்டாளோ தெரியாது. "நான் அவற்ரை மனிசி எண்டு அவருக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

வியாபாரி போய், இவள் உங்கள் மனைவி என்று சொன்னார். நோயாளியின் முகம் சிவந்தது. எழும்ப முயன்றார், கையை வீசினார். தான் இன்னும் கலியாணம் செய்யவில்லை, யாரோ பெண்ணை இங்கே கொண்டுவந்து தன் வீட்டு மானத்தைக் கெடுக்கிறீர்களா, வெளியே கூட்டிப் போங்கள் என்று சத்தம் போட்டார். வியாபாரி ஒன்றையும் மறைக்காமல் அவளுக்கு அப்படியே சொன்னார். அந்த வியாபாரியை அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

அவள் அழவில்லை. வெளியே போகவுமில்லை.

"அப்ப விருந்தாளி எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் நோயாளி அமைதியானார். கையை நெஞ்சில் வைத்து அவளைப் பார்த்துத் தலை சாய்த்தார். பிறகு வியாபாரியை ஏசினார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு இவ்வளவு நேரமாகத் தேநீர் கொடுக்காமல் வைத்திருக்கிறாயே என்றாராம். தங்கள் பக்கத்தில் வீட்டுக்காரன் சொன்னால் கொடுத்தேயாக வேண்டும் என்று சொல்லி, வியாபாரி கீழே கோப்பிப் பாருக்குப் போய்த் தேநீர் வாங்கி வந்தார். நோயாளி பார்த்திருக்க, அவள் முழுவதையும் குடித்தாள். இன்னொன்று கொடு என்றார். அதையும் குடித்தாள்.

வெளியே வந்தபின் வியாபாரி, நாளைக்கு வந்து இன்னொருமுறை பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

"வேண்டாம். மனிசி எண்டா வெளியிலை போ எண்டுவார். விருந்தாளியை அவர் போகச் சொல்லமாட்டார்" என்றாள் அவள்.

விருந்தாளிக்குப் பஷ்தோவில் 'மெல்மா'. அதை வியாபாரியிடமே கேட்டுப் படித்துக்கொண்டாள். போலிஷில் என்ன என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு நாளும் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். கட்டிலில் கிடந்தபடி அவர் நெஞ்சில் கை வைப்பார். கை தூக்க முடியாத நாட்களில் கண்ணை மூடித் திறப்பார்.

அவர் முடிந்த அன்று நானும் கூட இருந்தேன். தாதி வந்து அவர் முகத்தை மூடினாள். அவள் புதியவள், எங்களைத் தெரியாது. நீங்கள் இவருக்கு யார் என்று கேட்டாள்.

போலந்துக்காரி, மூடிக் கிடந்தவரை ஒருமுறை திரும்பிப் பார்த்து, இனிக் கேட்கமாட்டார் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான், "மனிசி" என்றாள்.