அஞ்சாவது லெவலில் ஒரு அழுகை

பந்தல்குடியில் மிளகாய் அரைக்க வேண்டும் என்றால் தங்கலட்சுமி அக்கா மில்லுக்குத்தான் வர வேண்டும். பக்கத்துக் கடை என்னுடையது, செல்போன் சர்வீஸ். வத்தல் நெடி சுவரைத் தாண்டி வந்து எனக்கே நாளெல்லாம் தும்மல். அந்த அக்கா மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு பதினாறு வருஷமாக அதற்குள்ளேயே நிற்கிறார். ஈர வத்தலைக் கொண்டுவந்தால் பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்கமாட்டார். "எம் மில்லக் கெடுக்காதீக, காயவச்சுக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

அவருக்கு ஒரே மகள், ஜோதிகா. ஆறாவது படிக்கும்போது, போன கார்த்திகையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அப்பா வெள்ளத்துரை குவைத்தில் டிரைவர். அவர் வந்து சேர மூன்று நாளாகும் என்றார்கள். பிள்ளையை அதுவரை வைத்திருக்க முடியாது. எங்கள் பக்கம் இதற்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் முகத்தையாவது பார்க்கட்டும் என்று இழவு வீட்டை லைவ் போடுவது. வெள்ளத்துரையின் அக்கா மகன் ராம்குமார் அருப்புக்கோட்டையில் இருக்கிறான், இருபத்தைந்து வயது. அவன்தான் போனை ஸ்டாண்டில் மாட்டி, தன் யூடியூப் சேனலிலேயே லைவ் போட்டான். அப்பன் மகள் முகத்தைப் பார்த்தார். காரியம் முடிந்ததும் அதை அழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தினமும் பத்துப் போனைப் பிரித்துப் பார்க்கும் எனக்கே தோன்றவில்லை.

ராம்குமாரின் சேனல் கேம் விளையாடுகிற சேனல். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பேய் விளையாட்டின் மேல் அவனுக்குப் பைத்தியம். அவனும் அதன் ரசிகர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து அதே மாதிரி தமிழில் ஒன்று செய்தார்கள். மூடிக் கிடக்கும் பஞ்சு மில், அதற்குள் பிள்ளையைத் தேடி அலையும் ஒரு பேய்த்தாய். செய்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

மாதாந்திர மின்தடை நாள். மில் ஓடவில்லை. கரண்ட் வரட்டும் என்று பாத்திரத்தோடு காத்திருந்த ஒரு கல்லூரிப் பெண், போனில் அந்த விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் அக்காவோடு நின்றிருந்தேன். போனுக்குள்ளிருந்து ஒப்பாரி கேட்டது.

"காச்சக்காரி வாயில ஒரு வாய்க் கஞ்சி எறங்கலியே, ஏ ஜோதிகா, பள்ளிக்கூடப் பைய நீ இன்னும் பிரிக்கலியே..."

மில் ஓடாவிட்டாலும் பழக்கத்தில் கட்டியிருந்த மூக்குத் துண்டை அக்கா அவிழ்த்தார். "தம்பி, இது ஏங் கொரலு" என்றார்.

அந்தப் பெண் பயந்துபோய் போனை நீட்டினாள். "இதுதாங்க்கா அஞ்சாவது லெவலு. எல்லாரும் அழுகுற எடம்." பார்த்தோம். தரையில் ஒரு பிள்ளைப் பிணம். அதன் கண்ணை மூட ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால், குனிந்து அழுதுகொண்டிருக்கும் தாய் நிமிர்ந்து பாய்வாள். முகத்தில் கண் கிடையாது. வாய் நிறையப் புழு. அந்தப் புழு வாயிலிருந்துதான், அன்றைக்கு லைவில் போன அக்காவின் அழுகை வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அக்கா மில்லைத் திறக்கவில்லை. "அத எடுக்கச் சொல்லணும். எனக்குப் போன் சங்கதி வெளங்காது, கூட வாங்க தம்பி" என்றார். அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

ராம்குமார் எங்களைப் பார்த்ததும் மனம் குளிர்ந்துபோனான். பாராட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான் போல. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தையே திறந்து காட்டினான். "பாருங்க அத்தை, எத்தனை பேரு அழுதுருக்காகன்னு." வரிசையாகக் கருத்துகள். 'அழுகை சீன் வேற லெவல்.' 'மூணு தடவை அழுதேன், நாலாவது தடவை விளையாடப் போறேன்.' பிரியாணி ருசித்த மாதிரி எழுதியிருந்தார்கள். அதில் ஒருவனுக்காவது இது யார் பெற்ற பிள்ளைக்காக அழுத அழுகை என்று கேட்கத் தோன்றவில்லை.

"பாப்பா பேரு மறந்துரக் கூடாதுன்னுதான் அத்தை வச்சேன்" என்றான். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நிஜக் கண்ணீர்தான். அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"எடுத்துரு" என்றார் அக்கா.

"அத எடுத்தா கேம்ல உசுரே இல்ல அத்தை." கொஞ்சம் யோசித்தான். "ஒண்ணு செய்யலாம். பேரு வேணாம்னா பழச எடுத்துர்றேன். பேரு இல்லாம நீங்க புதுசா ஒரு தடவ அழுதாப் போதும். மைக்கு நல்ல மைக்கு. அஞ்சு நிமிசந்தான்." சொல்லிக்கொண்டே மைக்குக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அவன் அம்மா முத்துலட்சுமி காப்பியோடு வந்தார். "பிள்ள ஒரு வருசமாத் தூங்காமப் பாத்த வேல. ஒரு தடவ அழுதுட்டுத்தான் போயேன் தங்கலட்சுமி. ஒனக்கென்ன கொறஞ்சுறப் போகுது."

எங்கள் பக்கம் சாவு விழாத வீட்டில் ஒப்பாரிக்கு வாயெடுக்கமாட்டார்கள். விளையாட்டுக்கு ஒப்பாரி வைத்த பிள்ளைகள் முதுகில் வாங்கிக் கட்டிக்கொள்ளும். முத்துலட்சுமிக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அழப்போவது பிள்ளையைப் பறிகொடுத்தவள், அந்தத் தீட்டு அவளோடு போய்விடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நான் காப்பியைத் தொடவில்லை.

அக்கா அந்த நாற்காலியை முத்துலட்சுமி பக்கம் திருப்பினார்.

"எனக்குத் தொண்ட கட்டிருச்சு. நீங்க உக்காருங்க மதினி. நீங்களும் ஒரு தாய்தான. ஜோதிகான்னு சொல்ல வேணாம். ராம்குமாருன்னு சொல்லி ஒரே ஒரு வரி அழுங்க."

முத்துலட்சுமியின் முகம் வெளுத்துப்போனது. "வாயக் கழுவுடி. உசுரோட இருக்குற பிள்ளைய..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். முத்துலட்சுமி திரையைப் பார்த்தார். அதில் கீழே கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பிறகு மகனை.

"எடுலே அத" என்றார். "இப்பவே எடு."

அவன் எடுத்தான். பழைய லைவையும் அழிக்க வைத்தேன். முடிகிறவரை அக்கா உட்காரவேயில்லை.

இப்போது அஞ்சாவது லெவலில் அந்தத் தாய் சத்தமில்லாமல் குனிந்திருக்கிறாள். 'எமோஷன் போச்சு' என்று ராம்குமாரைத் திட்டி எழுதுகிறார்கள். நேற்று ஒருவன், பழைய அழுகை தன்னிடம் இருக்கிறது, வேண்டும் என்பவர்கள் கேட்கலாம் என்று போட்டிருந்தான். முப்பத்தேழு பேர் கேட்டிருக்கிறார்கள். அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.