பாகத்தில் போன ஓடை

மாமனார் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். எங்களுக்குப் பட்டறை வந்தது. கொழுந்தனுக்குப் பின்னாலிருந்த கொட்டகையும் கழிவு ஓடையும் போயின. வடசேரியில் அன்று என்னைப்போல் பூரித்துப் போனவள் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

பட்டறையில் நூலுக்குப் பளபளப்பு ஏற்றுவோம். நூல் சிட்டத்தை இரும்பு உருளைகளில் மாட்டி விறைப்பாக இழுத்து, காஸ்டிக் சோடா கரைத்த காரத்தில் ஊறவிட்டு, பிறகு அலசுவோம். வேட்டிக்கான, இன்னும் வெளுக்காத கோரா நூலைக் காரத்தில் அவித்து வெளுத்தும் கொடுப்போம். யுத்தம் முடிந்து சில வருஷமாகியும் சோடா டிரம் லேசில் கிடைக்கவில்லை. ஆனாலும் அலசிய தண்ணீர் பழுப்பாக ஓடையில் போவதை நாங்கள் திரும்பிப் பார்த்ததில்லை.

கொழுந்தன் பெண்டாட்டி குழித்துறைக்காரி. பேச்சே பாட்டு மாதிரி இழுக்கும்; தண்ணீரை வெள்ளம் என்பாள். பாகம் பிரிந்த கையோடு என்னிடம் வந்து கேட்டாள்.

"அக்கா, ஓடையில போற வெள்ளத்த நான் பிடிச்சுக்கிடட்டா?"

"தாராளமா பிடி ஏட்டி. குளிச்சிராத, தோலு உரிஞ்சிரும்" என்றேன். என் வேடிக்கைக்கு நானே சிரித்தும் கொண்டேன்.

அவள் முதல் அலசலை மட்டும் ஒரு தொட்டியில் பிடித்தாள். துணியில் வடித்துப் பஞ்சை நீக்கினாள். சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிக் கிளறி, மூடிவைத்துவிட்டுத் தன் சோலியைப் பார்த்தாள். அழுக்கெல்லாம் அடியில் இறங்கியதும் மேலே நின்ற தெளிவை மட்டும் இறுத்து, அதில் கோரா நூலை அவித்தாள். காற்றுப்பட்டுச் செத்த காரத்துக்குச் சுண்ணாம்பு உயிர் கொடுக்குமாம். கொழுந்தன் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தான்.

கிடைத்த சோடா பளபளப்பு ஏற்றவே சரியாகிவிடும்; மிஞ்சினால்தான் எங்களுக்கு வெளுப்பு வேலை. அவளுக்கோ எந்நாளும் வேலை. கடைசியில், மாமனார் காலத்திலிருந்து எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த கோட்டாற்று நூல் வியாபாரியே, இனி வெள்ளை நூலை அவளிடம் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அது போனால் எங்கள் பிழைப்பில் பாதி போய்விடும். நாங்கள் கொட்டியதை வைத்து எங்களையே கவிழ்க்கிறாளே!

"நம்ம காரத்துல அவ வெளுக்கா. நீங்க பாத்துக்கிட்டு நிக்கியளே. ஓடைய அடையுங்க" என்று கணவரிடம் சண்டை பிடித்தேன். அடைத்தார்.

இனி நாங்களே பிடிப்பது என்றாயிற்று. பிடித்த தண்ணீரை அப்படியே கொப்பரையில் ஊற்றி நூலை அவித்தேன். அவள் செய்ததைப் பார்த்துச் செய்ய என் மனம் இடங்கொடுக்கவில்லை. நூல் காமாலை கண்டதுபோல் மஞ்சளாக வெளியே வந்தது. வியாபாரி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார். இன்னும் ஒரு கட்டு தருகிறேன், அதுவும் இப்படியானால் விட்டுவிடுங்கள் என்றார்.

என் கணவர் என்னிடம் சொல்லாமலே அவளிடம் போயிருக்கிறார். அவள் சுண்ணாம்புப் பானையோடு வந்து நின்றாள். ஓடையை அடைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பதில்களையெல்லாம் அடுக்கிவைத்துக் காத்திருந்தேன்.

"தெளியதுக்கு முன்ன தொட்டிராதிங்க அக்கா. கலங்கல் ஏறிட்டுன்னா நூலு கெட்டுப்போவும்" என்று மட்டும் சொல்லி, எல்லாவற்றையும் ஒளிக்காமல் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசிக் கட்டைக் கணவரைக்கூடத் தொடவிடாமல் நானே செய்தேன். வடித்தேன், சுண்ணாம்பு போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், இறுத்தேன், அவித்தேன், வெளுத்தேன். வியாபாரி வந்து சிட்டத்தை விரித்து வெயிலில் பிடித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது எளையவளுக்க கைதானே?" என்று கணவரைக் கேட்டார்.

கொட்டகை வாசலில் நூல் உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இல்ல மாமா, அக்கா செய்தது. நான் தொடவே இல்ல."

வெள்ளை நூல் இனியும் எங்களுக்கே என்று வியாபாரி சொன்னார். கணவர் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றார். ஆமாம் என்று அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால், அவளை வெறுக்க எனக்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும். அதைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.